வாய் கசக்கிறவருக்கு என்ன சமைப்பது? கேன்சருக்குக் கீமோ, கரண்டு (கதிர்வீச்சு) சிகிச்சை நடக்கும் வீட்டுக்கு ஒரு சாப்பாட்டுக் கையேடு

வீட்டில் ஒருவருக்குக் கீமோ ஆரம்பித்ததும் நம் டெல்டாப் பக்கத்தில் முதலில் நடப்பது பத்தியம் விதிப்பது. கத்தரிக்காய் கரப்பான், முட்டை சூடு, தயிர் சளி, மீன் சாப்பிட்டால் புண் சீழ் வைக்கும், சர்க்கரை கேன்சருக்குத் தீனி என்று திண்ணைக்கு வந்து போகிறவர்கள் ஆளுக்கு ஒன்றாகக் கழித்துக்கொண்டே போக, மூன்றாவது வாரம் பார்த்தால் இலையில் ரசம் சாதமும் சுட்ட அப்பளமும்தான் மிஞ்சியிருக்கும். அதையும் அவர் தொட மாட்டார், வாய் கசக்கிறதே. என் கட்சி இதுதான்: சிகிச்சை நடக்கும் மாதங்கள் பத்தியம் இருப்பதற்கான மாதங்கள் இல்லை. உள்ளே எது இறங்குகிறதோ அதைக் கொஞ்சம் சத்தேற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். டாக்டர் பெயர் சொல்லி ஒன்றை நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். மற்றதற்கெல்லாம் சாப்பிடுகிறவரின் நாக்குதான் தீர்ப்பு சொல்ல வேண்டும், சம்பந்தி வீட்டுக்காரர் இல்லை.

எங்கள் பெரியம்மாவுக்குச் சிகிச்சை நடந்தபோது சமையல்கட்டு என் பொறுப்பில் இருந்தது. அப்போது செய்து பார்த்ததையும், டாக்டரிடமும் டயட்டீஷியனிடமும் கேட்டுக்கொண்டதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஒவ்வொருவருடைய நோயும் மருந்தும் வேறு என்பதால் சந்தேகம் வந்தால் உங்கள் டாக்டர் சொல்வதையே கேளுங்கள்.

முதலில் வாயில் என்ன நடக்கிறது

நாக்கில் சுவை அறியும் செல்கள் சுமார் 10 நாளில் இருந்து 2 வாரத்துக்குள் செத்துப் புதிதாக முளைக்கும் வகை. வேகமாகப் பெருகும் செல்லைத் தாக்குவது கீமோவின் வேலை என்பதால், கேன்சர் செல்லோடு சேர்ந்து நாக்கும் வாயின் உள்தோலும் குடலும் முடி வேரும் அடி வாங்குகின்றன. சிஸ்பிளாட்டின், கார்போபிளாட்டின், பாக்ளிடாக்ஸல் போன்ற மருந்து போட்டுக்கொள்கிறவர்கள் இரும்பைக் கடித்த மாதிரி இருக்கிறது என்பார்கள். சில மருந்துகள் பாட்டிலில் ஏறிக்கொண்டிருக்கும்போதே வாயில் தெரியும். கரண்டு வைப்பது வாய், தொண்டை, கழுத்துப் பக்கம் என்றால் அநேகமாக இரண்டாவது மூன்றாவது வாரத்தில் ருசி போக ஆரம்பிக்கும், கூடவே எச்சில் சுரப்பிகளும் அடிபடுவதால் வாய் வறண்டு எச்சில் பசை மாதிரி கெட்டியாகும். மார்புக்கோ கர்ப்பப்பைக்கோ மட்டும் கரண்டு வைத்தால் நாக்குக்கு நேரடியாக எதுவும் ஆகாது, ஆனால் குமட்டலும் அசதியும் பசியைத் தின்றுவிடும்.

இதையெல்லாம் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. "நேத்துதானே இதைக் கேட்டாரு, இன்னிக்கு வேண்டாங்குறாரு, பிடிவாதம்" என்று சமைக்கிறவர்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நேற்றைய நாக்கு வேறு, இன்றைய நாக்கு வேறு, அவ்வளவுதான். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள், நாலைந்து நாள் கழித்து அதையே மறுபடி வைத்துப் பாருங்கள்.

சமையலை மாற்றுவதற்கு முன்னால் வாயைத் திறக்கச் சொல்லி ஒருமுறை பாருங்கள். நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கமும் வெள்ளையாகத் தயிர் ஒட்டியது போலப் படிந்திருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு, அது சரியானால் ருசியும் ஓரளவு தேறும். டாக்டரிடம் காட்டாமல் மசாலாவை மாற்றிக்கொண்டிருப்பதில் பிரயோஜனமில்லை. அப்புறம் வாய் கொப்பளிப்பு. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து பாட்டிலில் வைத்துக்கொண்டு சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும், இடையில் நினைத்த போதெல்லாமும் கொப்பளித்துத் துப்பட்டும். தினமும் புதிதாகக் கலக்குங்கள். சாப்பிடுவதற்கு முன் கொப்பளித்தால் அந்தக் கசப்பு கொஞ்ச நேரம் விலகி நிற்கும், அந்தச் சமயத்தில் நாலு கவளம் உள்ளே போய்விடும். கடையில் விற்கும் எரிச்சல் தரும் மவுத்வாஷ் வேண்டாம், அதில் பல வகைகளில் ஆல்கஹால் இருக்கிறது. பிரஷ் மிருதுவானதாக இருக்கட்டும்.

என்ன சொல்கிறார் என்று கேட்டுச் சமைப்பது

"நல்லா இல்லை" என்பதை அப்படியே விட்டுவிடாமல் எப்படி நல்லா இல்லை என்று கேளுங்கள். கசக்கிறதா, சப்பென்று இருக்கிறதா, ஒரேயடியாகத் தித்திக்கிறதா, நாற்றம் அடிக்கிறதா? பதில் எதுவோ அதற்கேற்ற மாதிரிதான் கைப்பக்குவம்.

இரும்பு வாடை, கசப்பு என்றால் புளிப்பும் துளி இனிப்பும் கை கொடுக்கும். சாம்பாரில், கூட்டில், கொத்சுவில் ஒரு சிட்டிகை வெல்லம் போடுங்கள். எலுமிச்சை சாதம், மாங்காய்ப் பச்சடி, தக்காளித் தொக்கு இவையெல்லாம் நன்றாக இறங்கும். நம் வீடுகளில் பரணில் எப்போதும் ஒரு ஜாடி உப்பு நார்த்தங்காய் இருக்குமே, அதற்கு நிகராக எதுவும் கிடையாது. நகக்கண் அளவு கிள்ளி நாக்கில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் கழித்துத் தயிர்சாதம் சாப்பிட்டால் வித்தியாசம் தெரியும். ரத்தக் கொதிப்பு இருப்பவர்கள் அளவாக வைத்துக்கொள்ளட்டும். வாயில் புண் இருந்தால் இந்தப் புளிப்பு வைத்தியம் எதுவும் ஆகாது, அதைத் தனியாகச் சொல்கிறேன்.

சப்பென்று, மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்றால் வாசனையைக் கூட்ட வேண்டும்: கொத்தமல்லித் துவையல், புதினா, இஞ்சி, கறிவேப்பிலைப் பொடி, பருப்புப் பொடியில் நெய். உப்பை மட்டும் அள்ளிப் போடுவதில் பலனில்லை. தித்திப்பு தாங்கவில்லை என்றால் பாயசத்திலும் பழச்சாற்றிலும் கல் உப்பு ஒன்றிரண்டு போடுங்கள், பாலை நீர்க்க விடாமல் ஏலக்காய் தட்டிப் போட்டுச் சர்க்கரையைக் குறையுங்கள். உப்பே கரிக்கிறது என்பவர்களும் உண்டு, அவர்களுக்கு உப்பைக் குறைத்துத் தேங்காய்ப்பால் சேர்த்துச் சமைப்பது நல்லது.

மட்டன், கோழி வாடை பலருக்கு முதலில் பிடிக்காமல் போகும். கட்டாயப்படுத்த வேண்டாம். விரால் கிடைக்கும் ஊரில் இருக்கிறோம். ஆபரேஷன் ஆனவருக்கு விரால் குழம்பு கொடுப்பது நம் பக்கத்துப் பழக்கமும்கூட. ஆனால் புளி கொதிக்கும் மீன்குழம்பு வாசம் அவருக்குக் குமட்டினால், மீனில் மஞ்சளும் உப்பும் தடவி வாழை இலையில் மடித்து இட்லிப் பானையில் நன்றாக வேகும்வரை வைத்து, ஆறவிட்டு முள் எடுத்து, எலுமிச்சை பிழிந்து கொடுங்கள். அதுவும் வேண்டாமா, முட்டைக்குப் போங்கள். முட்டையும் வேண்டாமா, பருப்பும் பன்னீரும் இருக்கின்றன.

பாத்திரமும் வாசனையும்

எவர்சில்வர் இல்லாத வீடு கிடையாது, அங்கேதான் பிரச்சினை. இரும்பு வாடை அடிக்கிற வாய்க்கு எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும் அந்த வாடையைத் தூக்கிக் காட்டும். தண்ணீருக்குக் கண்ணாடி டம்ளர், கஞ்சிக்குப் பீங்கான் கிண்ணமும் மர ஸ்பூனும் என்று மாற்றுங்கள். சாதத்துக்குக் கொல்லையில் நிற்கும் வாழையில் ஒரு ஏடு நறுக்கினால் போதும், தட்டே வேண்டாம். கையால் சாப்பிடுவது நமக்கு ஏற்கெனவே பழக்கம், அது இந்த விஷயத்தில் பெரிய சௌகரியம். ராத்திரி செப்புக் குடத்தில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிக்கும் வழக்கம் இருந்தால் சிகிச்சை முடிகிறவரை நிறுத்தி வையுங்கள். ஈயம் பூசாத பித்தளையில் புளி, தயிர் வைப்பது எப்போதுமே கூடாது.

சாப்பாட்டைவிட அதன் வாசனைதான் பாதிப் பேரைத் துரத்துகிறது. சூடான பண்டத்தில் வாசம் அதிகமாகக் கிளம்பும், ஆறினால் அடங்கும். அதனால் வற்றல் மிளகாய் வறுக்கிற வேலை, கருவாடு, பெருங்காயத் தாளிப்பு இதெல்லாம் அவர் திண்ணையிலோ வாசலிலோ காற்றாட இருக்கும்போது முடித்துவிடுங்கள். ஹாட்பேக் மூடியை அவர் முகத்துக்கு நேராகத் திறக்காதீர்கள், உள்ளே அடைந்திருந்த வாசம் மொத்தமாக வந்து மோதும், சாப்பாடு அங்கேயே முடிந்தது. அடுப்படியிலேயே திறந்து, ஆறவிட்டு, இலையில் கொஞ்சமாக வைத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். குவித்து வைத்தால் பார்த்தவுடனேயே வயிறு நிறைந்துவிடும்.

காப்பியைப் பற்றி ஒரு வார்த்தை. கும்பகோணம் பக்கத்து மனிதருக்கு டிகிரி காப்பி கசந்து போவது சாதாரணத் துக்கமில்லை, எங்கள் பெரியம்மா முடி கொட்டியதற்குக்கூட அவ்வளவு வருத்தப்படவில்லை. டிகாக்‌ஷன் இறங்கும் வாசமே குமட்டினால் வீட்டில் மற்றவர்கள் காப்பியைக் கொல்லைப்புறத்தில் வைத்துக் குடித்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பால் மட்டும், அல்லது பாலில் சுக்கு தட்டிப் போட்டு, பனங்கற்கண்டு கரைத்து.

கீமோ நாளன்று

மிகவும் பிடித்த பதார்த்தத்தை ஊசி போடும் நாளில் கொடுக்காதீர்கள். குமட்டலோடு சேர்த்து மூளை அந்த ருசியையும் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளும், பிறகு அதைப் பார்த்தாலே வாந்தி வரும். பாசமாகச் செய்துகொண்டுபோன அசோகா அல்வா அந்த மனிதருக்கு ஆயுசுக்கும் பிடிக்காமல் போவானேன். அன்றைக்கு இட்லி, ரவைக் கஞ்சி, பிரட், வாழைப்பழம் என்று ஒரு விசேஷமும் இல்லாத சாப்பாடு போதும், வெறும் வயிற்றோடும் போக வேண்டாம். வாந்திக்குக் கொடுத்த மாத்திரையை வாந்தி வந்த பிறகு தேடாமல், டாக்டர் சொன்ன நேரத்தில், பெரும்பாலும் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், கொடுத்துவிடுங்கள். ஆண்டன்செட்ரான் போன்ற மாத்திரையால் மலச்சிக்கல் வரும் என்பதால் தண்ணீரையும் பழத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

சிகிச்சை திருச்சி, தஞ்சாவூரில் என்றால் காலையில் பஸ் ஏறிப் பொழுது சாய வந்துவிடலாம். உழவன் எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னையில் இறங்கி அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் ராத்திரிக்குத் தயிர்சாதம் கட்டிக்கொண்டு அதையே மறுநாள் காலையில் பிரிப்பது வேண்டாம். பொடி தடவிய இட்லியை ஏறினதும் சாப்பிட்டுவிட்டு, காலைக்கு வறுத்த பொட்டுக்கடலை மாவு, பிஸ்கட், முழுப் பழம் வைத்துக்கொள்ளுங்கள். மாவில் சூடான பாலை வாங்கி ஊற்றினால் வேலை முடிந்தது.

கஞ்சி போதாது

உடம்புக்கு முடியாதவர் என்றால் கஞ்சி, இளநீர், ரசம் சாதம் என்பது நம் கணக்கு. இரண்டு நாள் காய்ச்சலுக்குச் சரி. மாதக்கணக்கில் ஓடும் சிகிச்சைக்கு இந்தக் கணக்கு ஆளை உருக்கிவிடும். சிகிச்சையில் இருப்பவருக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம், 25 முதல் 30 கலோரி. 50 கிலோ எடையுள்ளவர் என்றால் 60 முதல் 75 கிராம் புரதம், 1250 முதல் 1500 கலோரி. ஒரு டம்ளர் நீர்த்த அரிசிக் கஞ்சியில் புரதம் ஒன்றிரண்டு கிராம் தேறினால் அதிகம். ஒரு முட்டையில் 6 கிராம், 200 மில்லி பாலில் 6 கிராமுக்கு மேல், 100 கிராம் மீனில் 18 முதல் 20, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு மாறும். இளநீரும் அவர்களுக்கு டாக்டரைக் கேட்டுத்தான், அதில் பொட்டாசியம் அதிகம்.)

இந்தக் கணக்கை எட்ட மூன்று வேளைச் சாப்பாடு உதவாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம், ஒரு கிண்ணம், பசிக்கிறதா என்று கேட்காமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். எந்த நேரத்தில் கொஞ்சம் பசி எடுக்கிறது என்று கவனித்தால், பலருக்கு அது காலை நேரமாக இருக்கும். அப்படியானால் பெரிய சாப்பாட்டைக் காலையில் வைத்துவிட்டு ராத்திரியை லேசாக விடுங்கள். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடித்து வயிற்றை நிரப்பாமல் இடைவேளையில் குடிக்கட்டும்.

கஞ்சிதான் இறங்குகிறது என்றால் கஞ்சியையே கனமாக்குவோம். அதற்கு நம் ஊர் உளுந்து இருக்கிறது. சம்பா, தாளடி நெல்லை அறுப்பதற்குச் சில நாள் முன்னால் நிற்கிற பயிருக்குள்ளேயே தெளித்துவிட்டு, அறுத்த பிறகு மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலேயே விளைகிற உளுந்து. நூறு கிராமுக்கு 24 கிராம் அளவில் புரதம். மூன்று டேபிள்ஸ்பூன் உளுந்து, ஒரு ஸ்பூன் பச்சரிசி, இரண்டையும் வெறும் வாணலியில் லேசாகச் சிவக்க வறுத்து (இந்த வாசமும் சிலருக்கு ஆகாது, முதல் நாளே வறுத்து டப்பாவில் வையுங்கள்) ஒரு மணி நேரம் ஊறவிட்டு, குக்கரில் ஐந்தாறு விசில் விட்டு, மத்தால் நன்றாகக் கடையுங்கள். தோல் உளுந்து என்றால் சத்து அதிகம், வாய்ப்புண்ணோ பேதியோ இருந்தால் வெள்ளை உளுந்து போட்டு வடிகட்டிக்கொள்ளுங்கள். அதில் ஒரு டம்ளர் பாலைக் காய்ச்சி ஊற்றி, இரண்டு டேபிள்ஸ்பூன் பால் பவுடர் கட்டி இல்லாமல் கரைத்து, கருப்பட்டியோ உப்போ அவர் வாய்க்கு எது ஒத்துப்போகிறதோ அது, கடைசியில் ஒரு ஸ்பூன் நெய். சூடு ஆற ஆறக் கெட்டியாகும், கொஞ்சம் தளர்த்தியாகவே இறக்குங்கள். வழக்கமாகப் போடும் வெந்தயம் வேண்டாம், ஏற்கெனவே கசக்கிற வாய். இது மொத்தமும் 18 முதல் 20 கிராம் புரதம். இரண்டு வேளையாகப் பிரித்துக் குடிக்கலாம். பால் குடித்தால் பேதியாகிறது என்றால் தேங்காய்ப்பால் ஊற்றுங்கள், புரதம் குறையும், கலோரி குறையாது.

இதே மாதிரி மற்றதையும் மறைமுகமாகக் கனமாக்கலாம்: சாம்பாரில் பருப்பை இரட்டிப்பாக்குவது, தயிரில் பால் பவுடர், கூட்டில் பொட்டுக்கடலை அரைத்து விடுவது, தோசைக்குப் பதில் அடை, அடைக்கு மேல் நெய், ரசத்தில் பருப்புத் தண்ணீருக்குப் பதில் மசித்த பருப்பே. ஒரு டீஸ்பூன் நெய் 45 கலோரி. மாப்பிள்ளைச் சம்பாதான் கொடுக்க வேண்டும் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது, நல்ல அரிசிதான், ஆனால் நாலு கவளம் சாப்பிடுகிறவருக்கு நார் நிறைந்த சிவப்பரிசி வயிற்றை அடைத்துவிடும், வாய்ப்புண்ணில் உறுத்தவும் செய்யும். குழைந்த பொன்னியே போதும்.

புண், வறட்சி, வெற்றிலை

வாய்ப்புண் வந்துவிட்டால் மேலே சொன்ன எலுமிச்சை, புளி, தக்காளி, மிளகாய், நார்த்தங்காய் எல்லாவற்றையும் பரணுக்கே திருப்பி அனுப்புங்கள். முறுக்கு, சீடை, மொறுமொறு தோசையும் கூடாது. பாலில் ஊறவைத்த இட்லி, மிளகு போடாத குழைந்த பொங்கல், மசித்த தயிர்சாதம், இளநீர் வழுக்கை, பப்பாளி, நன்றாகப் பழுத்த ரஸ்தாளி, முழுதாக வெந்த முட்டையைப் பாலில் மசித்தது. எல்லாமே ஆறியிருக்க வேண்டும். வலி மரத்துப்போக டாக்டர் ஜெல்லோ கொப்பளிக்கும் மருந்தோ தருவார், அதைச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் போட்டால்தான் உபயோகம்.

வறண்ட வாய்க்குப் பக்கத்திலேயே தண்ணீர் பாட்டில், அடிக்கடி ஒரு வாய். எல்லாச் சாப்பாட்டிலும் குழம்போ மோரோ பாலோ ஊற்றித் தளதளவென்று பிசைந்து கொடுங்கள்.

அடுத்தது வெற்றிலை. சாப்பிட்டு முடித்து வெற்றிலை சீவல் போடாவிட்டால் தஞ்சாவூர்க்காரருக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது, அதிலும் வாய் கசக்கிற காலத்தில் கை தானாக வெற்றிலைச் செல்லப் பெட்டியை நோக்கிப் போகும். புகையிலை மட்டும்தான் கெடுதல், சீவல் பரவாயில்லை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாக்கையே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. வெற்றிலைச் செல்லத்தை வீட்டிலிருந்தே அப்புறப்படுத்துங்கள். வாய் மணக்க வேண்டும் என்றால் புண் இல்லாதபோது சோம்பு, ஏலக்காய்.

கவுண்ட் குறைந்திருக்கும் நாட்கள்

கீமோ போட்ட 7-ஆம் நாளில் இருந்து 14-ஆம் நாள் வரை பொதுவாக வெள்ளை அணு எண்ணிக்கை, அதாவது கவுண்ட், ரொம்பக் கீழே இறங்கியிருக்கும், மருந்தைப் பொறுத்து முன்பின் ஆகலாம். அப்போது வெளியில் விற்கும் நறுக்கிய பழம், ஐஸ் போட்ட கரும்புச்சாறு, பச்சை வெங்காயம் தூவிய சுண்டல், அரைவேக்காட்டு முட்டை, காய்ச்சாத பால் எதுவும் வேண்டாம். கோயில் பிரசாதம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், பல கை மாறி வந்த புளியோதரையை அவர் சாப்பிட வேண்டாம், சாமி கோபித்துக்கொள்ளாது.

பழைய சோறு பற்றித்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். சாதாரண நாளில் நல்ல சாப்பாடு. ஆனால் ராத்திரி முழுக்க வெளியில் கிடந்த சோற்றில் என்னென்ன கிருமி வளர்ந்திருக்கும் என்பது நம் கையில் இல்லை, எதிர்ப்புச் சக்தி இறங்கிக் கிடக்கிறவருக்கு அது வேண்டாத வேலை. அவர் ஆசைப்படுவது அந்தக் குளிர்ச்சிக்கும் புளிப்புக்கும் சின்ன வெங்காயத்துக்கும்தான். புதிதாக வடித்த சாதத்தை ஆறவைத்து உடனே கரைத்து, காய்ச்சிய பாலில் வீட்டில் உறையூற்றிய தயிரின் மோர் விட்டு, வெங்காயத்தை வதக்கிப் போட்டுக் கொடுங்கள். கவுண்ட் மிகவும் குறைந்தவர்களுக்குச் சில டாக்டர்கள் தயிரையே நிறுத்தச் சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள், நம் ஊர் சித்திரை வெயிலில் அதைவிடவும் சீக்கிரம்.

மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள சண்டை

ஆறிய சாப்பாடு, குளிர்ந்த பானம் என்று நான் சொல்வதெல்லாம் ஆக்ஸாலிபிளாட்டின் போட்டுக்கொள்கிறவருக்குப் பொருந்தாது. அந்த மருந்துக்குப் பிறகு சில நாட்கள் குளிர்ச்சி பட்டால் தொண்டை இறுக்கிப் பிடிக்கும், விரல் சுரீரென்று மரத்துப்போகும். அவருக்கு வெதுவெதுப்பாகவே கொடுங்கள், ஃபிரிட்ஜைத் திறக்கவும் விடாதீர்கள். கேப்சிடபின் மாத்திரையைச் சாப்பாடு முடிந்த அரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அபிராடெரோன் வழக்கமாக வெறும் வயிற்றில். இமாடினிப் சாப்பிடுகிறவர்கள் பம்பளிமாஸ் பழத்தைத் தவிர்க்க வேண்டும், அதன் உறவான கிரேப்ஃப்ரூட் போலவே மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடக்கூடும். ஊசியோடு கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றும், சர்க்கரை நோயாளிகள் உடனே சாப்பாட்டைப் பாதியாக்கிவிடாமல் மாத்திரை, இன்சுலின் அளவை டாக்டரிடம் சரிசெய்துகொள்ளுங்கள்.

வெள்ளைச் சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினியில் சாகும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. பட்டினி கிடப்பது அந்த மனிதர்தான். முள் சீத்தாப்பழமும் இலைக் கஷாயமும் கேன்சரைக் குணமாக்கும் என்று சுற்றிவரும் செய்தி இன்னொன்று. அந்தச் செடியில் நரம்பைக் கெடுக்கும் வேதிப்பொருள் ஒன்று இருக்கிறது, கஷாயமாகக் காய்ச்சித் தினம் குடிப்பதை விடுங்கள். குழம்பில் போடும் மஞ்சள் எந்தத் தொந்தரவும் செய்யாது, மஞ்சள் மாத்திரை என்று விற்பது வேறு. நாட்டு மருந்து எதுவானாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். துத்தநாக மாத்திரையால் ருசி வரும் என்பதிலும் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை, நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

எப்போது போன் செய்ய வேண்டும்

வாரம் ஒருமுறை ஒரே தராசில், ஒரே நேரத்தில் எடை பாருங்கள், நோட்டில் எழுதுங்கள். வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் குறைந்தாலோ, சிகிச்சை தொடங்கிய எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு போய்விட்டாலோ அடுத்த தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் சொல்லுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரும் நிற்காமல் வாந்தி, நிற்காத பேதி, சிறுநீர் குறைந்து கறுத்துப் போவது, விழுங்கும்போது புரையேறுவது இவையெல்லாம் அன்றே சொல்ல வேண்டியவை. காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டுவிட்டால் கசாயமும் வேண்டாம், மாத்திரை போட்டு விடியட்டும் என்றும் வேண்டாம், ராத்திரி எத்தனை மணியானாலும் கிளம்புங்கள்.

தொண்டைக்குக் கரண்டு வைக்கும்போது மூக்கு வழியாகவோ வயிற்றிலோ குழாய் வைக்கலாம் என்று டாக்டர் சொன்னால் வீடே அழுகிறது. குழாய் வைத்தால் கடைசி என்று அர்த்தம் கிடையாது, சிகிச்சையை நடுவில் நிறுத்தாமல் முடிப்பதற்குத்தான் அது. புண் ஆறியதும் எடுத்துவிடுவார்கள். உளுந்தங்கஞ்சியை அதில் ஊற்றலாமா என்றால், கெட்டியானது அடைத்துக்கொள்ளும். என்ன பதத்தில் வடிகட்டுவது, எத்தனை மில்லி என்று நர்ஸிடம் செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். முடிந்தவர்கள் குழாய் இருக்கும்போதும் தினம் கொஞ்சம் வாயால் விழுங்கிக்கொண்டே இருப்பது நல்லது, டாக்டர் அனுமதித்தால்.

கீமோ முடிந்தவர்களுக்குப் பெரும்பாலும் சில வாரங்களில் இருந்து சில மாதங்களுக்குள் ருசி திரும்பும். தலை, கழுத்துக்குக் கரண்டு வைத்தவர்களுக்கு ஒரு வருஷம்கூட ஆகலாம், கொஞ்சம் திரும்பாமலும் போகலாம், வறட்சி தங்கிவிடுவதும் உண்டு; அவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பல் டாக்டரைப் பார்க்க வேண்டும், எச்சில் குறைந்த வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும், பல் பிடுங்குவதற்கு முன் கரண்டு வைத்த விவரத்தை அவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ருசி திரும்பத் திரும்ப, இடையில் கூட்டி வைத்த உப்பையும் வெல்லத்தையும் நெய்யையும் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள்.